எங்கள் படலையைத் தாண்டிப் போன சாப்பாடு

எங்கள் ஒழுங்கையில் ஒரே மாரியில் இரண்டு சாவு விழுந்தது. முதலில் முடக்கு வீட்டுக்காரரின் மனைவி, டெங்குக் காய்ச்சலில். அந்த வீட்டு முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிவதற்குள் என் கணவர். வேலையால் வந்து சைக்கிளைச் சுவரோடு சாத்தியவர், நெஞ்சு நோகுது என்று படுத்தார். பிறகு எழும்பவில்லை. அந்த வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், என் வீட்டிலும் இரண்டு. அவருடைய மூத்தவளும் என் மகளும் ஒரே வகுப்பு. இளையவர்கள் இரண்டு பேரும் அப்போதுதான் ஓடப் பழகியிருந்தார்கள். சாவு என்ற விடயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் சாப்பாட்டில்தான் வந்தது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த மனுசனை நான் கட்டின கதை இல்லை இது. அவர் பிறகு பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு ரீச்சரைக் கட்டினார். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது, உண்மைதான். ஆனால் அவர்மேல் ஆசைப்பட்டு வந்த எரிச்சல் இல்லை. ஒரே கிடங்கில் விழுந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஊர் கயிறு போட்டால் மற்றவருக்கு வருமே, அந்த எரிச்சல்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைச் சனம் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவரும். எனக்கும் கொண்டுவந்தார்கள், குறை சொல்லக்கூடாது. புட்டும் இடியப்பமும் சோறும் என்று குசினி மேசை நிறைந்து கிடந்தது. கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி முடித்து வந்ததோடு எனக்கு வந்தது நின்றுபோனது. முடக்கு வீட்டுக்கு நிற்கவில்லை. மாரி போய், பனிக்காலம் போய், சோளகக் காற்றுப் பிறந்த பிறகும் நிற்கவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. அவர் ஆம்பிளை, பாவம், என்ன செய்வார்? என் வீட்டில்தான் பொம்பிளை இருந்தாளே.

முடக்கு வீடு ஒழுங்கையின் கடைசியில். அங்கே போகிற எந்தச் சாப்பாட்டுக் கரியரும் எங்கள் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். மத்தியானம் ஆனால் கரியரின் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் முதலில் கேட்கும், பிறகு வாசம் வரும். மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது, ஆருடைய கைப்பக்குவம் என்று சொல்லிவிடுவேன். இறால் குழம்புக்கு மாங்காய் போடுகிறவர் ஒருவர். பொரித்த குழம்புக்குப் பெருஞ்சீரகத்தை அள்ளிக் கொட்டுகிறவர் ஒருவர். கோயிலடி அன்ரியின் சுறா வறை வருகிற நாளில் நான் யன்னலைச் சாத்திவிடுவேன். அவ்வளவு எரியும் எனக்கு.

அதோடு விட்டார்களா? ஒருநாள் அவர் மகளுக்குத் தலை பின்னிவிட்டாராம். ஒரு பின்னல் உச்சியில், மற்றது காதடியில். பள்ளிக்கூட வாசலில் நின்ற தாய்மார் உருகிப்போனார்கள்.

"தகப்பன்ரை கையால பின்னினது எண்டு நினைக்கவே நெஞ்சு கரையுது" என்றாள் ஒருத்தி.

பக்கத்தில் நின்ற என் மகளின் இரண்டு பின்னலும் நூல் பிடித்த நேரில் இருந்தன. ஒரு கண்ணும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கிழமைதான் எங்கள் தண்ணீர் மோட்டாருக்குள் பல்லி விழுந்து அது நின்றுபோய், நானே கழற்றித் துடைத்துப் பூட்டி ஓடவைத்திருந்தேன். முடக்கு வீட்டுக்காரரின் தொழிலே மோட்டார் திருத்துவதுதான். அவர் தலை பின்னினால் அதிசயம். நான் மோட்டார் திருத்தினால் அது வீட்டுவேலை.

இன்னொரு நாள் அவர் தன் கடையில் இருந்து அழுதாராம். ஊர் முழுக்க அதே கதை. அன்றைக்கு ஒரே மத்தியானத்தில் மூன்று வீட்டுக் கரியர் போனது. எனக்கு அழுகை வந்தால் "பிள்ளையளுக்கு முன்னால அழாதை" என்றுதான் சொன்னார்கள். கனடாவில் இருக்கிற என் அண்ணை ஞாயிறு தோறும் போன் எடுத்து, "நீதான் பிள்ளையளுக்குத் தைரியமா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு வைப்பார். ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று சொல்லிச் சொல்லி அழவே மறந்துபோனேன்.

எனக்கு என்ன வருத்தம் என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்தது. மானிப்பாயில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். வேலைக்குப் போனேன், சனத்துக்கு மருந்து கொடுத்தேன், சிரித்துக் கதைத்தேன். வீட்டுக்கு வந்து குசினிக்குள் போனால் மட்டும் கை ஓடாது. ஒரு கத்தரிக்காயை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பேன். குழம்பு வைப்பதா, பொரிப்பதா? முடிவு எடுக்கத் தெரியாமல் திரும்பக் கூடைக்குள் போட்டுவிடுவேன். என் கணவர் இருந்தபோது காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்குப் போய், திரும்பிப் பார்த்து, "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு காலமும் சமைத்தேன் என்று அவர் போன பிறகுதான் விளங்கியது.

பின்னேரம் பேக்கரியின் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அந்தப் பாட்டைக் கேட்டால்தான் எனக்கு உயிர் வரும். பாணை வாங்கிச் சீனி தூவிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, குசினி நிலத்தில் படுத்துவிடுவேன். நான் சாப்பிட்டேனா என்றால் ஞாபகம் இல்லை. கிணற்றடிக்குத் தனியாகப் போவதை விட்டிருந்தேன். அந்த மோட்டாரை அவ்வளவு அவசரமாகத் திருத்தியதும் அதற்காகத்தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் தண்ணீர் அள்ள வேண்டி வந்தால், "வந்து எனக்குப் பக்கத்தில நில்லு" என்று மகளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வாளியைத் தொடுவேன். குனிந்து கிணற்றுக்குள் பார்க்க எனக்குப் பயம். விழுந்துவிடுவேன் என்ற பயம் இல்லை அது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மகனுக்கு நிறை பார்க்கும் நாள் வந்தது. மிட்வைஃப் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போன முறையை விடக் குறைஞ்சிருக்கு. என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"பாண், மிஸ்."

"பாணோ? ஒவ்வொரு நாளுமோ?"

வரிசையில் நின்ற தாய்மார் எல்லாருடைய காதிலும் விழுந்தது. அடுத்த மாதமும் குறைந்தால் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கவேண்டி வரும் என்றார். அடுத்ததாக முடக்கு வீட்டுக்காரர் தன் இளையவனைத் தராசில் இருத்தினார். அவனுக்கு நிறை ஏறியிருந்தது. "தாயில்லாத பிள்ளையை என்ன வடிவா வளர்க்கிறார் பாருங்கோ" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஊரே சமைத்து ஊட்டினால் ஏன் ஏறாது? மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபோது அவனுடைய எலும்பு என் விலாவில் இடித்தது. அதைவிட அந்தக் குரல்தான் கூடுதலாக இடித்தது. பெற்ற தாய் இப்படியும் இருப்பாளா என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் படலை திறந்தது. கோயிலடி அன்ரியின் புது மருமகள், வெளியூர்ப் பிள்ளை, கலியாணம் முடித்து வந்து இரண்டு கிழமைகூட இல்லை. கையில் நாலு தட்டுக் கரியர். ஒழுங்கையால் நேரே போ, செத்த ஆளின் படத்துக்கு லைற் போட்டிருக்கும், ரெண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்று அன்ரி அடையாளம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் விறாந்தையிலும் படம் இருந்தது, சிவப்பு லைற் எரிந்தது, இரண்டு பிள்ளைகளும் நிலத்தில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைமேல் என்ன பிழை?

"அக்கா, மாமி தந்துவிட்டவ" என்றாள்.

ஆருக்கு வந்த சாப்பாடு என்று எனக்கு உடனே தெரியும். வாசமே சொன்னது. "சந்தோசம், பிள்ளை" என்று வாங்கிக்கொண்டேன். அவள் ஒழுங்கையில் மறைகிறவரைக்கும் படலையில் நின்று பார்த்தேன், திரும்பி வந்துவிடுவாளோ என்று.

அடியில் சோறு, அதற்கு மேலே முருங்கைக்காய்க் குழம்பு, கீரைக் கடையல், உச்சித் தட்டில் சுறா வறை. மகளுக்கும் மகனுக்கும் குழைத்துத் தீத்தினேன். மகன் ஒரு வாயை விழுங்குமுன் அடுத்ததுக்கு வாயைத் திறந்தான். "அம்மா, இது ஆரின்ரை சாப்பாடு?" என்று மகள் கேட்டாள். "எங்கடை" என்றேன். மிச்சத்தை நான் சாப்பிட்டேன், தட்டை வழித்துச் சாப்பிட்டேன். நல்ல உருசி. இவ்வளவு நல்ல சாப்பாட்டையா ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று நினைக்க, விழுங்கின சோறே எரிந்தது.

பின்னேரம் அன்ரியே வந்தார்.

"பிள்ளை, உது அவருக்கெல்லோ குடுத்துவிட்டது. புதுப் பெட்டைக்கு வீடு தெரியேல்லை."

"தெரியும், அன்ரி. சாப்பிட்டிட்டம்."

"தெரிஞ்சுமோ?" அன்ரி வாயில் கைவைத்தார். "அந்த மனுசன் பிள்ளையளோடை இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டு இருந்திருக்குது. நீர் ஒரு பொம்பிளை. ரெண்டு கறி வைக்க உமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

அந்தப் 'பொம்பிளை' என்ற சொல்லைத் தூக்கி அவர் தலையிலேயே எறியவேண்டும் போல இருந்தது. கரியரைத் தா, கொண்டுபோகிறேன் என்றார். நாளைக்குத் தருகிறேன் என்றேன். வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு சுண்டு சீனியோ, ஒரு பிடி முருங்கையிலையோ போட்டுத்தான் கொடுப்போம். சீனி ரின்னைத் திறந்தேன். பாணுக்குத் தூவித் தூவி முடிந்திருந்தது.

அப்போதுதான் அந்த விசர் யோசனை வந்தது. நான் சாப்பிட்டது அவருடைய பங்கு. ஆனபடியால் இந்த நாலு தட்டையும் நிரப்பி அவருக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்ரியின் சுறா வறையை அந்த வீடு பிறகு நினைக்கவே கூடாது. அதற்குப் பிறகு இந்த ஒழுங்கையில் ஆர் பொம்பிளை, ஆருக்குச் சமைக்கத் தெரியும் என்று பார்ப்போம்.

ஞாயிறு காலையில் சந்தைக்குச் சைக்கிள் மிதித்தேன். கணவாய் வாங்கினேன், பயற்றங்காய் வாங்கினேன், வாழைப்பூ வாங்கினேன். தேங்காய் திருவும்போது அன்ரியை நினைத்துக் கறுவினேன். வெங்காயம் வெட்டும்போது பள்ளிக்கூட வாசலில் உருகினவர்களை. கணவாய் சட்டியில் சுருளும்போது அண்ணையின் தைரியத்தை. ஒவ்வொரு கறிக்கும் ஒரு ஆள் இருந்தது. இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் என் இரண்டு பிள்ளைகளும் மூக்கை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தேன். எனக்குப் போட மறந்துபோனேன்.

தனியப் போனால் கதை கட்டிவிடுவார்கள் என்று பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு, கரியரோடு முடக்கு வீட்டுக்குப் போனேன். அந்த ஒழுங்கையால் கரியர் கொண்டு நடக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமை! நிமிர்ந்து நடந்தேன்.

அவருடைய குசினி மேசையில் ஏற்கெனவே இரண்டு கரியர் இருந்தன, திறக்காமல். கதிரையில் அவருடைய மூத்தவளின் உடுப்புப் பை, சிப் இழுத்துப் பூட்டி. பிள்ளைகள் நாலு பேரும் முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள். நான் நேற்று நடந்ததைச் சொன்னேன், உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டது நாங்கள்தான் என்று. அவர் கரியரைத் தொடவில்லை.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. எனக்கு இனிச் சாப்பாடு வேண்டாம்" என்றார். "நான் அடுப்படிக்குப் போனா ஆரோ ஓடிவந்து கரண்டியை வாங்கிப்போடினம். அண்ணை, நீங்கள் இருங்கோ எண்டு. இப்ப என்ரை மாமி, பிள்ளையின்ரை அம்மம்மா, வந்து சொல்லுறா, அடுப்பு மூட்டாத வீட்டில பொம்பிளைப் பிள்ளையை விடேலாதாம். நாளைக்குச் சாவகச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போறா. அங்கை பள்ளிக்கூடமும் பாத்திட்டாவாம்."

நான் கதிரையில் இருந்த பையைப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "உங்கடை பிள்ளையளைத் தா எண்டு ஒருத்தரும் வரேல்லைத்தானே" என்றார். "உங்களை நினைச்சா எனக்கு எரிச்சல், தங்கச்சி. சொன்னாக் கோவிப்பியள்."

கோபம்தான் வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. எரிச்சல் என்னுடையது. ஒரு மாரியில் பிடித்துச் சோளகம் வரைக்கும் படலையில் நின்று நான் வளர்த்தது. ஊர் கொடுத்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட மனுசன் கடைசியில் அதையும் எடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது.

"என்னிலை என்ன எரிச்சல் உங்களுக்கு? என்ரை பிள்ளையள் ஒவ்வொரு நாளும் பாண் தின்னுதுகள், அண்ணை. சின்னவன்ரை நிறை இறங்கிக்கொண்டு போகுது. எனக்குக் கிணத்தடிக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு."

கடைசி வசனத்தை அதற்கு முன் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் தலையை நிமிர்த்தினார்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"பிள்ளையள் சாப்பிட்டிட்டினம்."

"பிள்ளையளைக் கேக்கேல்லை."

நான் கரியரை அங்கேயே விட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து, குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகளுக்கு முன்னால்தான் அழுதேன்.

மறுநாள் அவருடைய மூத்தவள் உடுப்புப் பையோடு சாவகச்சேரிக்கு பஸ் ஏறினாள். அதற்கு மறுநாள் மிட்வைஃப் தன் ஸ்கூட்டியை என் படலைக்குள் விட்டார். முடக்கு வீட்டுக்காரர்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். இந்த முறை தராசு கொண்டுவரவில்லை. "அண்டைக்கு உங்களையும் கேட்டிருக்கவேணும், நான் கேக்கேல்லை" என்று சொல்லி, என்னோடு இருந்து கதைத்து, ஆஸ்பத்திரியில் மனநலம் பார்க்கும் கிளினிக்குக்கு என்னைத் தானே கூட்டிப் போனார். காத்திருக்கும் இடத்தில் பக்கத்து வாங்கில் இருந்த பெண் ஆரையும் பாராமல் விம்மி விம்மி அழுதாள். அவளைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. டொக்டர் எழுதித் தந்தது, கடையில் நின்று எத்தனையோ பேருக்கு என் கையால் எடுத்துக் கொடுத்த குளிசைதான். அது எனக்கும் உரியது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குளிசை உடனே ஒன்றும் செய்யவில்லை. சில கிழமைக்குப் பிறகு, ஒரு நாள் கத்தரிக்காயை எடுத்தேன், பால்கறி என்று தீர்மானித்தேன், வைத்தேன். அவ்வளவுதான். அடுத்த முறை தராசில் மகன் கொஞ்சம் ஏறியிருந்தான். பின்னுக்கு நின்ற ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்ரி தன் கரியரைக் கேட்டு மருமகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். அது முடக்கு வீட்டில் கிடந்தது. மூத்தவள் போன பிறகு பாவம், பாவம் என்று அந்த வீட்டுக்கு இன்னும் கூடத்தான் சாப்பாடு போனது. சோளகம் ஓய்கிற நேரம், ஒரு மத்தியானம், கரியர்த் தட்டு உரசும் சத்தம் கேட்டது. ஆனால் அது ஒழுங்கையின் மற்றப் பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் படலையில் வந்து நின்றது.

அவர்தான். கையில் அன்ரியின் கரியர், சேட்டில் மஞ்சள், விரலில் எண்ணெய் தெறித்த கொப்புளம்.

"ஆரையும் உள்ளை விடாமல் கதவைச் சாத்திப்போட்டுச் சமைச்சனான்" என்றார். "பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவர வேணுமெண்டா பழகத்தானே வேணும். முதல் முதல் வைச்சது. உங்களுக்கு." பிறகு என் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையளுக்கில்லை. உங்களுக்கு" என்றார். படலைக்கு உள்ளே வராமல் கொடுத்துவிட்டுப் போனார்.

கரியரைக் குசினிக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். அடித்தட்டில் குழைந்த சோறு. அதற்கு மேலே பருப்பு, உப்புக் கூடிப்போயிருந்தது. உருளைக்கிழங்குப் பிரட்டல் அடிப்பிடித்து ஒரு பக்கம் கறுப்பு. உச்சித் தட்டில் ஒரு முட்டைப் பொரியல், மடிக்கத் தெரியாமல் மடித்தது. இப்படி ஒரு சாப்பாட்டை அன்ரி கண்டால் கோழிக்குக்கூடப் போடமாட்டார். நான் நிலத்தில் இருந்து, கரியரை மடிக்குக் கிட்ட இழுத்து வைத்து, சாப்பிடத் தொடங்கினேன்.

மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"உனக்குச் சட்டிக்குள்ள பால்கறியும் சோறும் கிடக்கு, போட்டுச் சாப்பிடு" என்றேன்.

"எனக்கு இதில ஒரு வாய் தாங்கோவன், அம்மா."

"தரமாட்டன்" என்றேன். "இது என்ரை."